பலூனுக்குள் அடைத்த ஆல்ஃபா

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நாகர்கோவிலிலேயே வேலை அமைந்துவிட்டதில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் உள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் சிதையும்போது ஆல்ஃபா என்ற நுண்துகளை விடுகிறது, கரையில் நடக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஆல்ஃபாவுக்குப் பயந்து நடையை நிறுத்த வேண்டாம். காற்றில் சில சென்டிமீட்டர் தாண்டாது. தோலின் மேல்படையே தடுத்துவிடும். அதே மண்ணின் தூசியோ, தோரியம் சிதையும்போது பிறக்கும் ரேடான் வாயுவோ மூச்சோடு நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து. அங்கே ஆல்ஃபா தன் ஆற்றல் முழுவதையும் பக்கத்துத் திசுக்களிலேயே கொட்டிவிடும். அதே மணலிலிருந்து வரும் காமா கதிர் வேறு கணக்கு, அதைத் தோல் தடுக்காது.

ஒரு தோரியம் அணு படிப்படியாகச் சிதைந்து ஈயமாகி ஓய்வதற்குள் 6 ஆல்ஃபா துகள்களை உமிழ்கிறது. அவை எங்கே போகின்றன? இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். வேகம் அடங்கியதும் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டு ஹீலியம் வாயுவாகிவிடுகின்றன!

ரூதர்ஃபோர்டு, ராய்ட்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1908இல் மான்செஸ்டரில் இதைக் காட்டிய விதம் அவ்வளவு அழகு. பௌம்பாக் என்ற கண்ணாடிக் கலைஞர் ஒரு குழாய் ஊதிக் கொடுத்தார். அதன் சுவர் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆல்ஃபா துளைத்துப் போகும், வாயு கசியாது. உள்ளே ஆல்ஃபாவை விடும் ரேடானை அடைத்து, வெளியே வெற்றிடமாக்கிய இன்னொரு குழாயைப் பொருத்தினார்கள். வெளிக்குழாயில் சேர்ந்ததைப் பாதரசத்தால் மேலே தள்ளி, மின்சாரம் பாய்ச்சி, அது விடும் ஒளியை நிறங்களாகப் பிரித்து நிறமாலையைப் பார்த்தார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டு நாளில் ஹீலியத்தின் மஞ்சள் கோடு மங்கலாகத் தெரிந்தது. நான்கு நாளில் மஞ்சளும் பச்சையும் பளிச்சென்று வந்தன. ஆறாம் நாள் முக்கியமான கோடுகள் எல்லாமே இருந்தன.

அப்புறம் செய்ததுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். அதே மெல்லிய குழாயில் வெறும் ஹீலியத்தை நிரப்பிப் பார்த்தார்கள். வெளியே அதன் சுவடே இல்லை. ஆக, முன்பு வந்தது கசிவு இல்லை. சந்தேகப்படுகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் தயாராக இருந்தது. பரிசோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பிறந்தநாள் பலூனில் அடைப்பதும் இந்த ஹீலியம்தான். பூமிக்கடியில் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதைந்து சேர்த்தது, இயற்கை எரிவாயுவோடு வெளியே வருகிறது. காற்றில் விட்டால் மெல்ல மெல்ல விண்வெளிக்குப் போய்விடும், திரும்பாது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தத்தைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் வேண்டியிருக்கும்போது, அதைப் பலூனில் ஊதிப் பறக்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பேரன் பிறந்தநாளுக்குச் சாதாரண பலூன்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு அங்கே வருகிறோம். மகளிடம் என் வாழ்த்தைச் சொல்.

அன்புடன்,
ரவி