இளையோர் கூடுகை நடத்துபவர்களுக்கு

ஸ்தோத்திரம். இந்த மாதம் படிக்கும் வேதப்பகுதி அப்போஸ்தலர் 17:16–34, அப்போஸ்தலன் பவுல் அத்தேனே (ஏதென்ஸ்) நகரில் பேசியது. ஒரு குழுவில் 8 பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் வழக்கமாகப் பேசுகிறவர்களே பேசுவார்கள்.

முதல் 15 நிமிடம் வேதத்தைத் திறக்க வேண்டாம். கொழும்பில் வேலை செய்துவிட்டு வரும் பிள்ளைகள் அங்கே கேட்ட ஒரு பேச்சைப் பெயர் போடாமல் துண்டுத்தாளில் எழுதட்டும்: "எல்லா மதமும் ஒன்றுதான்", "அவரவர் உண்மை அவரவருக்கு", "காசு இருந்தால் போதும்". ஒன்றை மட்டும் எடுங்கள். இப்படிச் சொல்பவர் எதற்கு ஏங்குகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள். பவுல் அத்தேனேயைச் சுற்றிப் பார்த்த பிறகே பேசினார் (வசனம் 23). அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்தார் (28), ஆனால் உயிர்த்தெழுதலை விட்டுக்கொடுக்கவில்லை (31). அப்படியும் சிலர் இகழ்ந்தார்கள் (32).

சறுக்குவது இங்கேதான்: கேள்வி வந்தவுடன் மூத்தவர் ஒருவர் பிரசங்கத்தைத் தொடங்கிவிடுவார், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது. பதில் தெரியாவிட்டால் கொப்பியில் குறித்து அடுத்த ஞாயிறு சொல்லுங்கள். நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15; அந்தச் சாந்தம் தெரியாததை ஒப்புக்கொள்வதற்கும் சேர்த்துத்தான்.

தேயிலைத் தோட்டத்து இந்துக் கோயில் திருவிழாவைக் கேலி செய்யும் உதாரணம் வேண்டவே வேண்டாம். பல பிள்ளைகளின் மாமா, அத்தை அங்கேதான் கும்பிடுகிறார்கள்.

துண்டுத்தாள்களைப் படம் எடுத்துக் கைபேசிக் குழுவில் போடாதீர்கள், கையெழுத்து தெரிந்துவிடும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பிள்ளைகள் பஸ் பிடிக்க வேண்டும், 12.30க்கு விடுங்கள்.