மூன்றரைக் கிலோ

அன்பு மகளுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டவுடன், "அம்மா, உங்களுக்கு வேறு கதையே இல்லையா?" என்றாய். இல்லைத்தான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வெட்டிவிட்டு "வகுப்புக்கு நேரமாச்சு" என்று போக முடியாது.

சனிக்கிழமை உன் பிர்க்கெபெய்னர் ஸ்கீப் போட்டிக்கு அப்பா லீவு எடுத்துவிட்டார். போட்டி தொடங்குகிற ரேனாவுக்கு வரமாட்டோம். உங்கள் யூனிவர்சிட்டிப் பிள்ளைகள் எல்லோரும் நிற்கிற இடத்தில் அம்மா வந்து ஜாக்கெட்டை இழுத்துப் பூட்டினால் உனக்கு வெட்கம். வழியில் ஷுஷேயனில், போன வருடம் நின்ற அதே வளைவில் நிற்போம். 54 கிலோமீற்றரில் பெரிய ஏற்றமெல்லாம் அதற்குள் முடிந்துவிடும், பிறகு முடிவிடமான லில்லஹாமருக்கு இறக்கம்தான் என்று அப்பா கோவிலில் எல்லோருக்கும் விளக்கம் சொல்கிறார். வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு நடந்துபோகவே பனியில் விழுந்து விழுந்து எழும்பின மனுஷன், இப்போது என்ன வெப்பநிலைக்கு எந்த மெழுகு பூசவேணும் என்று எனக்குப் பாடம் எடுக்கிறார். உன் வயதுப் பிரிவில் முதல் ஐந்து பேரின் சராசரி நேரத்தோடு கால்வாசியைக் கூட்டி, அதற்குள் வந்தால் உனக்கு அந்தச் சின்னம் கிடைக்கும் என்று குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறார். போன வருடம் நான்கு நிமிடத்தால் தவறினது அவருக்கு இன்னும் ஆறவில்லை. உனக்கும்தான், எனக்குத் தெரியும். இந்தச் சீசனில் இதுதான் கடைசிப் போட்டி என்று நீ சொன்ன மாதிரியும் எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் ஓட்ஸ் மட்டும் போதாது. முட்டையும் சாப்பிடு.

அந்தப் பையைப் பற்றி ஒன்று சொல்லவேணும். 1206இல் நோர்வேயின் குட்டி இளவரசன் ஹோக்கோனைச் சண்டைக்குள்ளிருந்து தப்பவைக்க இரண்டு வீரர்கள் மலையால் தூக்கிக்கொண்டு போனார்கள், அதன் நினைவாகத்தான் ஒவ்வொருவரும் 3.5 கிலோ சுமந்து ஓடுகிறீர்கள் என்று நீ ஏழாம் வகுப்பில் படம் கீறிக் காட்டினாய். அப்போதே எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றரை வயது இருக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளை மூன்றரைக் கிலோவா? பிள்ளை வளர்த்த எவரும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். பை குறையக்கூடாது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். சுமக்கிற பிள்ளை குறைந்தால் ஒருவரும் கேட்பதில்லை.

"பாரம் குறைந்தால் ஏற்றம் சுகம்" என்று நத்தாருக்கு வந்தபோது நீ அப்பாவுக்குச் சொன்னாய். அவர் தலையாட்டினார். நான் சொதியை அடுப்பில் விட்டுவிட்டு உன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாய். நீ போனபிறகு குளியலறை அலுமாரியைத் திறந்தேன். உனக்கென்று வாங்கி வைத்த பொதி பிரிக்காமல் அப்படியே கிடந்தது. ஐந்து கிழமை நின்றாய். அதற்குமேல் எழுதமாட்டேன், உனக்கு விளங்கும்.

குப்பை வாளியில் கடதாசியில் சுற்றிய புட்டையும் கண்டேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

நீ எங்கள் வீட்டுக்குப் பெருமை. பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் சந்தையில் நூறு குரோனருக்கு வாங்கின ஸ்கீயில், லில்லொமார்க்காக் காட்டில் லைற் வெளிச்சத்தில் தனியாக ஓடிப் பழகின பிள்ளை. இதை நான் வாயால் சொன்னதில்லை. கோபம் வந்தபோது மட்டும் "உன்ரை ஸ்கீயும் நீயும்" என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, சொல்லவந்தது இதுதான். உன் சாமத்திய வீட்டுக்குச் சட்டை அளவு பார்த்த நாள். சின்னமாமியும் தையற்காரியும் இருந்தார்கள். கொளுவி பூட்டவில்லை. "இரண்டு கிழமைக்குச் சாப்பாட்டைக் குறை, படத்தில் பானை மாதிரித் தெரிவாய்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். அன்று இரவு நீ சாப்பிடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மகள். சொன்னால் கேட்கிற பிள்ளை என்று உன் மாமிக்குப் பெருமையாகச் சொன்னேன். உனக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் குளிர்காலத்தில்தான் நீ ஒவ்வொரு நாளும் ஓடத் தொடங்கினாய். நான் அதையும் நல்லது என்றேன்.

இத்தனை வருடமாக "சாப்பிடு, சாப்பிடு" என்று உன்னைத் துரத்துகிற ஆள், அன்று சாப்பிடாதே என்று சொன்ன அதே ஆள்தான். உனக்கு அது மறந்திருக்கலாம். மறந்திருக்காது.

ட்ரொன்ட்ஹைமில் டொக்டரிடம் நேரம் எடு. போட்டிக்குப் பிறகு என்றாலும் சரி. நான் ரயிலில் வருகிறேன். உள்ளே வரமாட்டேன், வெளியே கதிரையில் இருப்பேன். சனிக்கிழமை தலை சுற்றினால் நிறுத்திவிடு. 2007இலும் 2014இலும் காற்றுக்காக அந்தப் போட்டியையே நிறுத்தினார்கள், மலை எங்கும் போகவில்லை. அப்பாவின் குளிர்சாதனப் பெட்டிக் கணக்கை நான் கிழித்துவிடுகிறேன்.

இதை வாசித்துவிட்டு உடனே போன் எடுக்காதே. நான் அழுவேன், பக்கத்தில் இருந்து அப்பா என்னவென்று கேட்பார்.

வளைவில் நான் ஒன்றும் கத்தமாட்டேன். அப்பா கத்துவார், அவரைத் தடுக்க முடியாது. உன் பழைய சிவப்புக் கையுறையைக் கொண்டுவருகிறேன்.

அம்மா

பி.கு: புட்டுக் கொண்டுவரட்டா வேண்டாமா என்று மட்டும் ஒரு வரி எழுது. வேண்டாம் என்றாலும் சரி.