வயிற்றுக்குள் மோப்பம் பிடிக்கும் கிருமி

காரைக்குடி

அன்புள்ள சொக்கலிங்கத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்று 14 நாள் மாத்திரை கொடுத்திருக்கிறார்களாமே. எரிச்சல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்துகிற ஆள் நீ. இந்த முறை முழுசாக முடித்துவிடு.

‘அத்தனை அமிலத்தில் அந்தச் சனியன் எப்படிப் பிழைக்கிறது?’ என்று கேட்டிருந்தாய். அமிலத்தில் அது குடியிருப்பதில்லையப்பா. இரைப்பைச் சுவரை ஒட்டிக் கோழைப் படலம் ஒன்று உண்டு. சுவரை நெருங்க நெருங்க அமிலம் குறையும். அங்கேதான் அதற்கு ஜாகை. அமிலம் பட்டால் விலகும். நம் உடம்பிலிருந்து கசியும் யூரியாவை நாடி நீந்தும். அதையே உடைத்து அம்மோனியாவாக்கிச் சுற்றியுள்ள அமிலத்தையும் தணித்துக்கொள்ளும். இந்த மோப்ப சக்தியை நீக்கிய கிருமிகளை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை வயிற்றில் காலூன்றத் திணறின.

மோப்பம் என்றதும், மூன்றாங்கட்டில் பணியாரம் வேகும் வாசனையைப் பிடித்து முகப்பிலிருந்து நேரே நடக்கும் நம்மைப் போல நினைத்துவிடாதே. கிருமிக்குத் திசையே தெரியாது. இதில் அதிகம் ஆராயப்பட்டது, குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி. நீளம் சுமார் 2 மைக்ரான். 500ஐ வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன உடம்பில் தலைப்பக்கம் வாசனை அதிகமா, வால்பக்கமா என்று ஒப்பிட வழியில்லை. அதனால் ஏறக்குறைய ஒரு விநாடி நேராக நீந்தும். அப்புறம் ஒரு குட்டிக்கரணம். எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் மறுபடி நீச்சல். 1972இல் ஹோவர்ட் பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, நீந்தும் கிருமியை விடாமல் பின்தொடரும் நுண்ணோக்கி செய்து இதைக் கண்டார். நீந்தும்போதே, இப்போதைய ருசியைச் சில விநாடிக்கு முந்தைய ருசியோடு அது ஒப்பிடும். கூடியிருந்தால் குட்டிக்கரணத்தைத் தள்ளிப்போடும். அவ்வளவுதான் சூட்சுமம். மூளையே இல்லாத ஒன்றுக்கு ஞாபகம்! அதுவும் எங்கே? மோப்பம் பிடிக்கும் புரதத்திலேயே ஒட்டியும் கழன்றும் போகும் மெத்தில் குழுக்கள் என்ற சின்னஞ்சிறு அணுக்கூட்டங்களில். எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

கெட்ட உணவால் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி இன்னும் மோசம். மனித ரத்தச் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) நோக்கி அது விரைவதை 2024இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். இழுப்பவற்றில் ஒன்று செரின் என்ற அமினோ அமிலம். குடலில் ரத்தம் கசிகிறவர்களுக்குக் கிருமி ரத்தத்தில் கலக்கும் ஆபத்து ஏன் கூடுகிறது என்பதற்கு இதுவும் காரணமாகலாம்.

மாத்திரை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். விழுங்கக் கொடுப்பதும் யூரியாதான். கிருமி மிச்சமிருந்தால் அதை உடைக்கும், அதிலுள்ள அடையாளமிட்ட கார்பன் உன் மூச்சில் வெளிவரும். முடிவு வந்ததும் எழுது. கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வருவாய்தானே? காரக்குழம்பு மட்டும் கிடையாது.

அன்புடன்,
முத்தையா