முதலில் வானம்

கொழும்பு, வெள்ளவத்தை

அன்பு மகளுக்கு,

ஒல்லாந்து ஓவியர் வெர்மீர் 1660, 1661ஆம் ஆண்டளவில் வரைந்த டெல்ஃப்ட் நகரக் காட்சியை நான் பார்த்து வரைந்துகொண்டிருப்பதை அம்மா உனக்குச் சொல்லியிருப்பார். நீ அனுப்பிய அச்சுப்படத்தில் கட்டங்கள் இட்டு, 96.5 சென்ரிமீற்றர் உயரமும் 115.7 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட மூலத்தைப் பாதி அளவில் எடுத்துக்கொண்டேன். ஒல்லாந்தர் நம் நெடுந்தீவுக்கு வைத்த பெயரும் டெல்ஃப்ட் என்பதால், தூரிகையை எடுக்கும்போதெல்லாம் அப்பாச்சி வீட்டுக் கல்வேலி நினைவில் வருகிறது.

முதற் படம் பிழையாகிவிட்டது. முப்பது ஆண்டுகள் படவரைஞராக வேலை செய்த கை கோட்டைத்தான் தேடியது. ஒவ்வொரு சன்னலையும் கூரை விளிம்பையும் அளந்து கீறிவிட்டு, எஞ்சிய இடத்தில் நீலம் பூசினேன். கட்டடங்கள் வெட்டி ஒட்டிய கடதாசி போல நின்றன. எஞ்சிய இடமென்று நான் நினைத்த வானம் மூலத்தில் பாதிக்கு மேல் இருப்பதைக் கட்டங்களை எண்ணிய பின்னரே உணர்ந்தேன்.

இரண்டாம் தடவை வானத்திலிருந்து தொடங்கினேன். உச்சியில் கருமுகில், அதன் கீழ் வெண்முகில்கள், கீழே வர வர வெளிறும் நீலம். நீர்க்கரையிலுள்ள ஷீடாம் வாயிலும் ரொட்டர்டாம் வாயிலும் முகில் நிழலில் மங்கியிருக்க, பின்னால் புதிய தேவாலயத்தின் கோபுரம் வெயில் பட்டு ஒளிர்கிறது. அதனாலேயே பார்ப்பவர் கண் நீரையும் இருண்ட சுவர்களையும் கடந்து நகரத்துக்குள் போகிறது. முகிலுக்குக் குழைத்த சாம்பல் நிறத்திலேயே சிறிது காவி சேர்த்துச் சுவர்களுக்குப் பூசினேன். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தபோது, கட்டடமும் வானமும் முதன்முறையாக ஒரே பொழுதுக்கு உரியனவாகத் தெரிந்தன.

சென்ற புதன்கிழமை மழைக்கு முன் பேர வாவிக் கரையில் நின்றேன். தென்மேற்குப் பருவக்காற்றின் முகில் கொம்பனித்தெருப் பக்கத்துக் கட்டடங்களை இருட்டாக்க, அவற்றுக்கு அப்பால் ஒரு மாடி மட்டும் வெயிலில் நின்றது. எத்தனையோ ஆண்டுகள் அந்த வழியே வேலைக்குப் போயிருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்டேன், மகளே. நனையும் வரை கீறிக்கொண்டிருந்தேன்.

ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகம் உனக்குத் தொலைவில்லை. ஒரு நாள் போய், அடிவானத்தை ஒட்டிய நீலத்தில் மஞ்சள் கலந்திருக்கிறதா, வலப்பக்கப் படகுகளின் மேலுள்ள சிறு ஒளிப்புள்ளிகள் என்ன நிறம் என்று பக்கத்தில் நின்று பார்த்து எழுது. அச்சுப்படத்தின் நிறத்தை நம்ப முடியவில்லை. உன் கடிதம் வரும்வரை அந்த இரண்டு இடங்களையும் தொடாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா