540 பவுண்டா, 1,575 பவுண்டா?

லெஸ்டர்,
13 செப்டம்பர் 2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மகளுக்கு லீட்ஸில் வேலை கிடைத்த செய்தியை இரண்டு முறை படித்தேன். மதுரை விடுதியில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் கோடு போட்டு ஆளுக்குப் பாதி என்று பங்கு வைத்துக்கொண்ட நமக்கு, மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் என்பது இன்னும் நம்ப முடியாத விஷயமாகத்தான் இருக்கிறது. என் முழங்கால் வலி தேவலை. மழைக்காலம் வந்தால்தான் உண்மை தெரியும்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் மிச்சமிருக்கிறதே என்று எழுதியதுபோல ஒரு வரி எழுதியிருந்தாய்: வாடிக்கையாளர்போலப் போய்க் கடைகளைச் சோதித்துச் சொல்லும் மிஸ்டரி ஷாப்பிங்கில் போன ஆண்டு மொத்தமே 540 பவுண்டுதான் கிடைத்தது, ஆயிரம் பவுண்டு வரை வரி இல்லை என்பதால் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும் பதில். உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நீ கட்ட வேண்டியது ஐம்பது பவுண்டுகூட இராது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் அக்டோபர் 5ஆம் தேதிக்குள் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது, அதற்கு மூன்று வாரம்தான் மீதம்.

முதலில் அந்த 540ஐப் பார்ப்போம். பள்ளிச் சமையலறை வேலையில் உனக்கு மாதாமாதம் பேஸ்லிப் வருகிறது; வரியையும், ஓய்வூதியத்துக்கான நேஷனல் இன்ஷூரன்ஸ் சந்தாவையும் அவர்களே பிடித்துவிடுகிறார்கள். மிஸ்டரி ஷாப்பிங் ஏஜென்சி அப்படிப் பிடிப்பதில்லை. பதிவு செய்தபோது படிக்காமல் டிக் செய்தாயே, அந்த நிபந்தனைகளைத் திறந்து பார்த்தால், நீ சுயதொழில் செய்பவள், உன் வரிக்கு நீயே பொறுப்பு என்று எழுதியிருக்கும். (ஒரு சில ஏஜென்சிகள் நம்மை ஊழியராகவே வைத்துப் பேஸ்லிப் தருவதும் உண்டு. அந்தப் பணம் இந்தக் கணக்கில் சேராது.) சுயதொழிலில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை வருமான வரித்துறைக்குச் சொல்லத் தேவையில்லை என்பது உண்மைதான். டிரேடிங் அலவன்ஸ் என்ற அந்தச் சலுகை 2017 ஏப்ரலில் வந்தது. நான் இந்த வேலையைத் தொடங்கிய 2016இல் அதுவும் கிடையாது. ஆனால் அந்த ஆயிரம் என்பது இலாபத்துக்கான எல்லை அன்று, கைக்கு வந்த மொத்தப் பணத்துக்கான எல்லை. நம்மைப் போன்றவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

ஏனென்றால் நமக்கு வரும் பணம் இரண்டு வகை. உணவகத்துக்குப் போய், உள்ளே நுழைந்த எத்தனையாவது நிமிடத்தில் வரவேற்றார்கள், பரிமாறியவரின் பெயர் அட்டையில் என்ன இருந்தது, கழிவறையில் காகிதம் இருந்ததா என்றெல்லாம் மனத்துக்குள் குறித்துக்கொண்டு வந்து அறிக்கை எழுதுவதற்குப் பத்து பவுண்டு கூலி. அங்கே நாம் முதலில் கைக்காசு போட்டுச் சாப்பிட்டதற்கு இருபது, இருபத்தைந்து பவுண்டு திரும்பக் கிடைப்பது இன்னொன்று. நம் மனத்தில் கூலிதான் சம்பாத்தியம், மற்றது நம் காசு நமக்கே வந்தது. வரிக் கணக்கில் இரண்டும் வரவு. சாப்பாட்டுக்குக் கொடுத்தது செலவு. வரவுப் பக்கத்தில் எழுதிச் செலவுப் பக்கத்தில் கழித்தால் கடைசியில் பூஜ்யம்தானே என்று கேட்பாய். இலாபத்தில் பூஜ்யம்தான். ஆனால் ஆயிரத்தைத் தாண்டினோமா என்று பார்க்கும்போது வரவுப் பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

நீ அனுப்பிய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை 52 இடங்களுக்குப் போயிருக்கிறாய். கூலி 540, திரும்பக் கிடைத்த சாப்பாட்டுக் காசு 1,130, மொத்தம் 1,670 பவுண்டு. அதில் மார்ச் கடைசி வாரங்களில் போன மூன்று இடங்களுக்கான 95 பவுண்டு ஏப்ரல் 24ஆம் தேதிதான் உன் வங்கிக்கு வந்திருக்கிறது. இந்த நாட்டின் வரியாண்டு ஏப்ரல் 5ஆம் தேதியோடு முடிகிறது. 2024 ஏப்ரல் முதல் சிறு சுயதொழில்காரர்களுக்குப் பணம் கைக்கு வந்த நாளை வைத்துக் கணக்கெழுதுவதே வழக்கமான முறை என்று ஆக்கிவிட்டார்கள்; ஆகவே அந்த 95 அடுத்த ஆண்டுக்குப் போகும், இந்த ஆண்டின் வரவு 1,575. ஆயிரத்தைத் தாண்டிவிட்டாய், தோழி. வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று இடங்களில் நீ சாப்பிட்ட காசு மார்ச்சிலேயே உன் கையைவிட்டுப் போய்விட்டதால், அந்தச் செலவை இந்த ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம். ஏஜென்சிகள் ஆறு வாரம், எட்டு வாரம் என்று இழுத்தடிப்பதில் நமக்கு நடக்கும் ஒரே நன்மை இதுதான்.

இனிக் கழிப்பது. உனக்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஆயிரம் பவுண்டுச் சலுகையை அப்படியே கழித்துக்கொண்டால் மீதி 575; செலவு எதையும் காட்ட முடியாது. சலுகையை விட்டுவிட்டு உண்மையான செலவைக் காட்டினால், சாப்பாடு 1,130, வண்டி ஓட்டிய 420 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ் வீதம் 189, நிறுத்துமிடக் கட்டணம் 37 எல்லாம் போக மீதி 219. உன் பள்ளிச் சம்பளமே 12,570 பவுண்டு வரியில்லா வரம்பைத் தாண்டிவிடுவதால் மீதி முழுவதற்கும் 20 சதவீதம். முதல் வழியில் 115 பவுண்டு, இரண்டாவது வழியில் 43 பவுண்டு 80 பென்ஸ். நம் வேலையில் சாப்பாட்டுக் காசு கூலியைவிடப் பெரியது என்பதால், பெரும்பாலும் இரண்டாவது வழிதான் நமக்கு ஏற்றது. சுயதொழில் இலாபம் 12,570ஐத் தாண்டினால்தான் நேஷனல் இன்ஷூரன்ஸில் நான்காம் வகுப்பு என்ற சந்தா வரும். அதைப் பற்றி நீ நினைக்கவே வேண்டாம்.

அந்த 45 பென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல், காப்பீடு, பழுது, தேய்மானம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதை எடுத்துக்கொண்டு பெட்ரோல் ரசீதையும் தனியாகக் கழிக்கக் கூடாது. போன குளிர்காலத்தில் எம்1 சாலையோரப் பெட்ரோல் நிலையம் ஒன்றுக்கு எட்டு பவுண்டுக் கூலிக்குப் போனேன். கல்லாவில் இருந்த பையன் யாழ்ப்பாணத் தமிழில் தொலைபேசியில் அம்மாவிடம் 'சாப்பிட்டனான் அம்மா, சாப்பிட்டனான்' என்று சொல்லிக்கொண்டே என் காபிக்குச் சில்லறை கொடுத்தான். தமிழில் ஒரு வார்த்தை பேசிவிட நாக்கு துடித்தது; பேசினால் வேடம் கலைந்துவிடும். வாடிக்கையாளரை வரவேற்றாரா என்ற கேள்விக்கு இல்லை என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அன்றிரவு கணக்குப் புத்தகத்தில் 22 மைலுக்கு ஒன்பது பவுண்டு 90 பென்ஸ் என்று எழுதியபோதுதான் தெரிந்தது, கூலியைவிட வண்டிச் செலவு அதிகம். அந்தப் பிள்ளையையும் காட்டிக்கொடுத்து, இரண்டு பவுண்டு நட்டத்தையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மைல் கணக்கு எழுதத் தொடங்கிய பிறகு பாதி வேலைகளை நான் ஏற்பதே இல்லை.

எதைக் கழிக்கக் கூடாது என்பதிலும் கவனம் தேவை. நகரத்துப் பெரிய கடைக்குப் போவதற்கென்று கோட்டு வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். வேறு இடத்துக்கும் போட்டுக்கொள்ளக்கூடிய உடை கழிவாகாது. ஏஜென்சி 25 பவுண்டு வரை தருவதாகச் சொன்ன இடத்துக்கு அண்ணனையும் அழைத்துப் போய், அவர் ஆட்டுக்கறி கேட்டதில் பில் 41 ஆனதாக எழுதியிருந்தாயே, அந்தப் பதினாறு உங்கள் வீட்டுச் செலவு. உன் பட்டியலில் அதைச் சேர்க்காமல் விட்டது நல்லது. பரிசோதிக்க வாங்கி வீட்டிலேயே தங்கிவிடும் முகப்பூச்சு, துவாலை போன்றவற்றின் விலையை நான் வரவில் எழுதுவேன், செலவில் கழிப்பதில்லை. சாப்பிட்டது வேலையோடு தீர்ந்தது. துவாலையில் ஆண்டு முழுவதும் என் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அது தொழிலுக்காக மட்டுமே வாங்கியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ செய்ய வேண்டிய காரியத்துக்கு வருகிறேன். வரியாண்டு முடிந்த பிறகு வரும் அக்டோபர் 5க்குள், நம் வருமானத்தை நாமே படிவத்தில் எழுதி அனுப்பும் செல்ஃப் அசெஸ்மென்டுக்குப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் யு.டி.ஆர். என்ற பத்து இலக்க வரி எண் தபாலில் வரும். அதைப் பத்திரமாக வை. இணையத்தில் படிவம் அனுப்பவும் வரி கட்டவும் 2026 ஜனவரி 31 கடைசி நாள். ஆனால் உன்னைப்போல் சம்பளத்தில் வரி பிடிக்கப்படுபவர்கள் டிசம்பர் 30க்குள் படிவத்தை அனுப்பிவிட்டால், 3,000 பவுண்டுக்குக் குறைவான பாக்கியைப் பின்னால் வரும் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்வார்கள். 43 பவுண்டு 80 பென்ஸுக்கு அதுவே சுலபம்.

வரி இல்லாவிட்டால் படிவமும் வேண்டாம் என்று எண்ணிவிடாதே. முதல் ஆண்டில் நான் அப்படித்தான் எண்ணினேன். பதிவு செய்தேன், எண்ணும் வந்தது, வருமானம் வரம்புக்குக் கீழே, கட்ட வேண்டியது ஒன்றுமில்லை, பிறகு எதற்குப் படிவம் என்று இருந்துவிட்டேன். 2018 பிப்ரவரியில் பழுப்பு உறை ஒன்று வந்தது. பூஜ்யம் பவுண்டு வரிக்கு 100 பவுண்டு அபராதம். மூன்று மாதம் தாண்டியிருந்தால் நாளொன்றுக்குப் பத்து பவுண்டு வீதம் 900 வரை ஏறியிருக்கும். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் பிறந்தநாள் பணத்தில் கட்டினேன்; இந்தக் கடிதத்தை அவர் படிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இந்த எல்லையை ஆயிரத்திலிருந்து மூவாயிரமாக உயர்த்தப்போவதாக அரசு கடந்த மார்ச்சில் அறிவித்தது. அது படிவம் அனுப்புவதற்கான எல்லை மட்டுமே. ஆயிரத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கான வரி அப்போதும் இருக்கும், வேறு வழியில் கட்ட வேண்டியிருக்கும். இப்போது உனக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்றும் இருந்துவிட முடியாது: 2024 முதல், செயலி வழியாக வேலை வாங்கித்தரும் தளங்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று வரித்துறைக்கு ஆண்டுதோறும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கின்றன.

ரசீதுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்லா ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சாவதால் ஆறு மாதத்தில் வெளுத்துவிடுகின்றன. என் பழைய டப்பாவைத் திறந்தபோது எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சிய வெள்ளைத் துண்டுகள் நாற்பது கிடந்தன. மேசையை விட்டு எழுவதற்கு முன்பே படம் எடுத்து வை. இந்த ஆண்டுக் கணக்கை 2031 ஜனவரி 31 வரை வைத்திருக்க வேண்டும்.

என் கதை கொஞ்சம் வேறு. கடையை மூடிய பிறகு எனக்குச் சம்பள வேலை இல்லை. இந்த வேலையில் ஆண்டுக்கு மூவாயிரம் பவுண்டு இலாபம், அதற்கு வரி இல்லை. ஆனாலும் நேஷனல் இன்ஷூரன்ஸில் இரண்டாம் வகுப்பை நானாக விரும்பிக் கட்டுகிறேன். போன வரியாண்டுக்கு வாரம் 3 பவுண்டு 45 பென்ஸ், ஆண்டுக்கு 179 பவுண்டு 40 பென்ஸ். சுயதொழில் இல்லாதவர் அதே ஓர் ஆண்டை மூன்றாம் வகுப்பில் வாங்க 907 பவுண்டு 40 பென்ஸ் கொடுக்க வேண்டும். முழு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டு வேண்டும். 41 வயதில் இங்கு வந்திறங்கிய எனக்கு அது எட்டாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முப்பத்தைந்தில் ஒரு பங்கைச் சேர்க்கிறது. இத்தனை தொல்லைக்கும் நடுவில் இந்த வேலையை நான் விடாமல் இருப்பதற்கு, உண்மையைச் சொன்னால், இதுதான் காரணம். ஓசிச் சாப்பாடு அன்று.

கடைசியாக ஒன்று, இதை அவசரமாக எடுத்துக்கொள். உன் வீட்டில் தங்கி எம்.எஸ்ஸி. படிக்கும் தங்கை மகனும் உன்னைப் பார்த்துச் செயலியில் பதிந்துவிட்டான் என்று சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். மாணவர் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்யக் கூடாது. வாரத்துக்கு இருபது மணி நேர அனுமதி சம்பள வேலைக்கு மட்டுமே. அவனுக்கு இது வரிப் பிரச்சினையே இல்லை, விசா நிபந்தனையை மீறிய பிரச்சினை; ஒரு பர்கருக்கும் ஆறு பவுண்டுக்கும் படிப்பையே பணயம் வைக்க வேண்டாம். இன்றைக்கே அந்தச் செயலியிலிருந்து அவனை விலகச் சொல்.

அடுத்த சனிக்கிழமை நீ வரமுடியுமா? நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், வங்கி அறிக்கை, மைல் எழுதிய நாட்காட்டி மூன்றையும் எடுத்து வா. பதிவை என் கணினியிலேயே முடித்துவிடலாம், அரை மணி நேரம்கூட ஆகாது. மதியத்துக்கு வத்தக்குழம்பும் அப்பளமும் செய்கிறேன். அதற்கு ரசீது கிடையாது.

அன்புடன்,
உன் பக்கத்துக் கட்டில்காரி