தாளோடு முடியும் ஜிக், ஃபிக்சர் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகளில், கருவிகளையும் அவற்றுக்கான துணைச்சாதனங்களையும் செய்யும் டூல் ரூம்களில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ படித்து முடித்து என்னிடம் பழக வந்த பிள்ளைகளிடம் கண்ட ஒரு குறையைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

புஷ் எனப்படும் கடினப்படுத்திய சிறு எஃகுக் குழல் வழியே டிரில்லை உரிய இடத்தில் இறக்குவது ஜிக் என்றும், டிரில்லுக்கு வழிகாட்டாமல் பொருளை உரிய இடத்தில் அமர்த்தி அசையாமல் பிடிப்பதே ஃபிக்சரின் வேலை என்றும் அவர்கள் தயங்காமல் சொல்வார்கள். அடியில் மூன்று, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று என ஆறு புள்ளிகளில் பொருளின் இடத்தை உறுதிசெய்யும் விதியும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியிலிருந்து வந்த கரடுமுரடான ஒரு வார்ப்பைக் கையில் கொடுத்து, எங்கே தாங்கி எங்கே இறுக்குவாய் என்று கேட்டால், பெரும்பாலோர் நான்கு மூலையையும் காட்டுவார்கள். சமமில்லாத தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது என்பதை வீட்டில் தினமும் பார்த்த பிள்ளைகளுக்கு, அந்த விதியின் பொருளே அதுதான் என்பதை யாரும் காட்டித் தரவில்லை.

இறுக்குவதில் நேரும் பிழை இதைவிடப் பெரிய நஷ்டத்தைத் தருவது. நான் இருந்த ஒரு பட்டறையில், சுவர் மெலிந்த வளையம் ஒன்றை பொருளைச் சுற்றிப் பிடிக்கும் மூன்று தாடைச் சக்கில் பலமாக இறுக்கி, உள்துளையைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் வேலையைச் செய்தார்கள். சக்கில் இருக்கும்வரை துளை வட்டமாகவே இருந்தது. கழற்றியதும் வளையம் பழைய நிலைக்கு மீள, துளை மும்முனையாகப் புடைத்துக்கொண்டது. இருமுனை அளவி எந்தப் பக்கம் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே விட்டத்தைக் காட்டியதால், பேரிங்கைப் பொருத்தும்வரை குற்றம் வெளியே தெரியவில்லை. பக்கவாட்டில் நெருக்காமல், வளையத்தின் முகத்தை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் எளிய ஃபிக்சர் ஒன்றைச் செய்த பிறகே அந்த வேலை ஒழுங்குக்கு வந்தது.

கணினி நிரலால் இயங்கும் சி.என்.சி. எந்திரங்கள் வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துளையின் இடத்தை எந்திரமே கண்டுகொள்வதால் டிரில் புஷ்ஷின் தேவை குறைந்திருப்பது உண்மைதான். ஆயினும் கோணலாக அமர்ந்த பொருளில் எத்தனை துல்லியமான எந்திரமும் கோணலாகவே துளையிடும்.

ஆகவே, கடைசி ஆண்டில் நான்கு பயிற்சியாளர்கள் சேர்ந்து குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும், நான்கு துளையுள்ள ஃபிளாஞ்சு என்ற தட்டுக்கு டிரில் ஜிக் செய்து, அதில் இருபது ஃபிளாஞ்சுகளுக்குத் துளையிட்டுக் காட்டுவதைச் செய்முறைத் தேர்வின் ஒரு பகுதியாக்க வேண்டும் என்று தொழிற்பயிற்சித் துறையையும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தையும் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு வேண்டியது கொஞ்சம் எஃகுத் தகடு, சில புஷ்கள், ஒரு டிரில்லிங் எந்திரம் அவ்வளவுதான். சுருளும் பிசிறும் வெளியேற வழி விட்டார்களா, பொருளைத் தலைகீழாக வைக்க முடியாதபடி பின் அடித்தார்களா என்பதெல்லாம் இருபதாவது ஃபிளாஞ்சை முதலாவதோடு சேர்த்து போல்ட் மாட்டிப் பார்க்கும்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல் ரூம் ஃபோர்மேன்,
கணபதி, கோயம்புத்தூர்.