அம்மாவை வழியனுப்பிய சுங்கை சிப்புட் உறவுகளுக்கு நன்றி

அன்புடையீர்,

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. வீடு வீடாக வந்து நன்றி சொல்வதே முறை. ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்துபோனவர்களையும் விட்டுவிடக் கூடாது என்பதால் இந்த மடல்.

கொட்டும் மழையில் கூடாரம் போட்ட தோட்டத்து இளைஞர்கள், தேவாரம் பாடிய கோயில் பெரியவர்கள், வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டு மலாய் அக்கா, சாமான்களுக்குக் காசு வாங்க மறுத்த சீனர் கடை முதலாளி, அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், “பாவம், லயத்திலேயே பிறந்து லயத்திலேயே முடிந்துவிட்டார்” என்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைச் சொன்னார். அன்போடுதான் சொன்னார், எனக்கு மனம் ஒப்பவில்லை. கஷ்டப்பட்டதால் பெரிய மனுஷி என்று சொன்னவர்களோடும் ஒப்பவில்லை. இருட்டில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காலத்தை அம்மா ஒருநாளும் மெச்சிப் பேசியதில்லை. கூலி போதவில்லை என்றுதான் கடைசிவரை சொன்னார்.

அவர் பிடித்துக்கொண்ட வேலை வேறு. மரம் வெட்ட முடியாமல் போனதும் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்க வந்தார். அங்கே பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைக் கண்டார். பத்திரம் இல்லாவிட்டால் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு. 12 வயதில் அடையாள அட்டை எடுக்க முடியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலும் அடைபடும். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று பெற்றோர் தள்ளிப்போடுவார்கள். அம்மா விடமாட்டார். தகப்பன் வர மறுத்தால் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பிரசவம் பார்த்த மருத்துவச்சி யார் என்று எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தார். பிறகு சாட்சி தேடியபோது அந்த நோட்டுதான் கைகொடுத்தது.

அவரிடம் இருந்ததோ குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அட்டை. இதே தோட்டத்தில் சுதந்திரத்துக்கு முன்பே பிறந்தவர். 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் கொண்டுவந்த அவசரகாலம் வந்தபோது சிறுமி. பிறந்ததற்கு மட்டும் எழுத்தில் சான்று இல்லை. ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. பிறர் பிள்ளைக்குக் குடிமகனுக்குரிய நீல அட்டை வந்தால் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

நம் ஊர் என்றால் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனைச் சொல்வார்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர், சொல்லத்தான் வேண்டும். மாதம் பத்து வெள்ளி பணம் கட்டிப் பங்கு சேர்த்த தொழிலாளர்களை யாரும் பெயர் சொல்லி நினைப்பதில்லை. அவர்கள் கட்டியிருக்காவிட்டால் சங்கம் ஒரு தோட்டத்தையும் வாங்கியிருக்க முடியாது. அம்மாவை நான் அவர்கள் வரிசையில் வைக்கிறேன்.

அம்மாவும் தனியாகச் செய்யவில்லை. காசு வாங்காமல் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்த தோட்ட எழுத்தர் கிராணி ஐயாவுக்கும், பத்திரம் வரும்வரை பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியைக்கும் அம்மா உயிரோடு இருந்தபோதே நாங்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் பலர் அந்த நோட்டில் இருக்கும் பிள்ளைகள். தம்பிகளே, உங்களுக்கு என்ன சொல்வேன்!

நோட்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. ஞாயிறு காலைகளில் கிராணி ஐயாவும் நானும் கோயில் மண்டபத்தில் இருப்போம். பத்திரம் இல்லாத பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் அழைத்து வாருங்கள். மருத்துவமனைச் சீட்டு, தாய் தகப்பன் அடையாள அட்டை, திருமணப் பதிவு, எது இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில் மூத்த மகள்